நகத்துக்கும் தோலுக்கும் நடுவே

ஜூலை 14, ஞாயிறு

இந்த டைரி, உரக்கடைக்காரர் பொங்கலுக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. அட்டையில் தென்னை மரம். அவர் இதுவரை ஒரு எழுத்துகூட எழுதவில்லை. இன்று எனக்கு வந்திருக்கும் கோபத்தை வாய்விட்டுச் சொன்னால் வீடு இரண்டாகும் என்பதால் நான் எழுதுகிறேன்.

கோபம் சாருவின் மேல். சாருலதா என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'மயூரி பியூட்டி பார்லர்' என்று இருக்கிறதே, அதை இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறோம். முடி, முகம், கல்யாண மேக்கப் எல்லாம் அவள் பொறுப்பு. நகம் என் பொறுப்பு. போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். ஜெல் பூச்சு, ஒட்டு நகம், நகத்தின் மேல் மயில், தாமரை, மாப்பிள்ளை பெயர், என்ன கேட்டாலும் போடுவேன். பொள்ளாச்சியிலிருந்துகூட ஆள் வருகிறார்கள்.

மதியம் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்: "அக்கா, கோயமுத்தூர்ல நகத்துக்குன்னே கோர்ஸ் இருக்குதுங்க்கா. ஆடியில போயி முறையாப் படிச்சிட்டு வந்துருங்க. பணம் கட்டிட்டேன்."

"எனக்கு எதுக்குடி கோர்ஸ்?"

"படிக்காம இனிமே நம்ம பார்லர்ல நகம் போட வேண்டாங்க்கா. ஆவணியில முகூர்த்தம் ஆரம்பிக்கறப்ப சர்டிபிகேட் இருந்தா நகம் உண்டு. இல்லீன்னா அந்த டேபிளை எடுத்துரலாம்."

என் டேபிளை எடுப்பாளாம். காரணம் கேட்டால், "எல்லாம் நல்லதுக்குத்தானுங்க்கா" என்று கரண்டியைப் பார்த்துப் பேசுகிறாள். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூவரும் முன்பே கூடிப் பேசியிருக்கிறார்கள், தெரிகிறது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் புது நிறம் வந்தாலும் முதலில் சாருவின் கையில் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நீளமான, நேரான விரல்கள் அவளுக்கு. அவள் கைதான் எங்கள் கடைக்கு விளம்பரம். வைகாசியிலிருந்து அந்தக் கையையும் எனக்குத் தருவதில்லை. கேட்டால் "அப்புறம் பாத்துக்கலாங்க்கா". விரல் நுனியில் வேறு பிளாஸ்திரி. அரிவாள்மனை வெட்டிவிட்டதாம். அரிவாள்மனை எங்காவது விரலுக்கு விரல் வெட்டுமா? வேலைக்குச் சோம்பல், வேறென்ன.

ஜூலை 17, புதன்

டேபிளை விட மனசில்லாமல் கோயமுத்தூர் வந்துவிட்டேன். ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாசம் என்பதால் பார்லர்காரிகள் ஏதாவது படிக்கிறதென்றால் இப்போதுதான் கிளம்புவார்கள். வகுப்பு நிறைய ஆள். ஈரோடு, கரூர், மேட்டுப்பாளையம் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருக்கிறார்கள். எல்லோரும் சின்னப் பெண்கள். என்னை அக்கா என்கிறார்கள். ஒருத்தி மட்டும் ஆன்ட்டி என்றாள். அவள் பக்கத்தில் இனி உட்காரப் போவதில்லை.

சொல்லித் தருகிறவள் ஷெர்லி மிஸ். குன்னூர்க்காரி. எனக்குத் தங்கை வயதுகூட இருக்காது. தன் நகத்தில் ஒரு பொட்டு நிறமில்லை. சமையல்காரன் ஒல்லியாக இருந்தால் சாப்பாட்டை நம்புவோமா?

முதல் நாள் பாடம்: கை கழுவுவது. நாள் முழுக்க அதுதான். பிறகு கருவிகளைக் கழுவுவது, ஊறவைப்பது, துடைப்பது. இதற்குத்தான் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சியோடு படுத்திருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

இன்றும் கை கழுவினோம்.

ஜூலை 19, வெள்ளி

கடைசியில் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் விரலில் ஆளுக்கொன்று போடச் சொன்னார்கள். நான் மயில் போட்டேன். கழுத்து, தோகை, தோகைக்குள் கண் எல்லாம். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. ஆன்ட்டி என்றவள்கூட "சூப்பருங்க்கா" என்றாள். மன்னித்துவிட்டேன்.

ஷெர்லி மிஸ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "மயில் ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா பாருங்க, ஓரத்துல ஜெல் தோல் மேல ஏறியிருக்கு. நகத்துக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு மயிரிழை விடணும். பட்டுட்டா, லேம்ப்ல வெக்கறதுக்கு முன்னாடியே துடைச்சிடணும்."

ஜெல்லைக் காயவைக்கிற லேம்ப்பில் வைத்து எடுத்த பிறகு, தோலில் பட்டதை உரித்துவிடுவேன், சுலபமாக வரும் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உயிருள்ள கையில அப்படிப் பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னாள். மயிலைப் பார்க்கத் தெரியாதவளுக்கு மயிரிழை தெரிகிறது.

சாருவுக்குப் போன் செய்து திட்டித் தீர்த்தேன். மயில் கதை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள், மயிரிழை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அவங்க சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க்கா" என்றாள். கட்சி மாறிவிட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். வீடு இருந்தபடியே இருக்கிறது. சாரு மட்டும் ரப்பர் உறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். "என்னடி, ஆபரேஷன் தியேட்டரா?" என்றேன். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையாம். சித்திரையில் கோயில் நோன்பன்று கண் இமை வீங்கிக்கொண்டு நின்றாள், அது கண்மை ஒத்துக்கொள்ளாததாம். இவளுக்கு இந்த உலகத்தில் என்னதான் ஒத்துக்கொள்ளும்? என் வீட்டுக்காரர் தங்கவேல், "அவ கையைப் பாத்தியா நீ?" என்றார். "பாத்தேன், என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று தோப்புக்குப் போய்விட்டார். தேங்காய் யாவாரம் செய்கிறவருக்குச் சோப்பைப் பற்றி என்ன தெரியும்.

முக்கியமான விஷயம்: ஆகஸ்ட் இரண்டாம் தேதி பரீட்சை. ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டி வந்து அந்த ஆளின் கையில் போட்டுக் காட்ட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, சர்டிபிகேட் இல்லை. என் டேபிளும் இல்லை. "நீதான் வர்றே" என்று சாருவிடம் சொன்னேன். ஒரு சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு, "செரிங்க்கா, வர்றேன். நான் இல்லாம யாரு வருவாங்க" என்றாள். அவள் விரல் இருந்தால் போதும், பூதக்கண்ணாடி என்ன, தொலைநோக்கியே வைத்துப் பார்க்கட்டும்.

ஜூலை 24, புதன்

இன்று லேம்ப் பாடம். வீட்டிலிருந்து என் லேம்ப்பைக் கொண்டுபோய்ப் பெருமையாக வைத்தேன். ஆன்லைனில் வாங்கியது, இளஞ்சிவப்பு, பூனைக் காது வைத்தது. ஷெர்லி மிஸ் அதில் ஒரு பூச்சைக் காயவைத்து, ஊசியால் கீறிக் காட்டினாள். மேலே கல் மாதிரி இருக்கிறது, அடியில் பச்சை மாவாகவே இருக்கிறது. நம் பூச்சுக்கு அந்த லேம்ப்பின் வெளிச்சம் போதாதாம். வேகாத ஜெல் நாள் கணக்கில் விரலோடு இருக்குமாம். இருந்தால் என்ன ஆகும் என்று கரூர்ப் பெண் கேட்டாள். "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றாள் மிஸ்.

தோசை வெளியே முறுகலாக இருந்தால் உள்ளேயும் வெந்திருக்கும் என்று நம்பியிருக்கிறேன், இத்தனை வருஷமாக. எத்தனை பேர் கை என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

இன்று தோல் ஒவ்வாமை பற்றிய பாடம். படங்கள் காட்டினார்கள்.

மதியம் தக்காளி சாதம். சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

ஜூலை 27, சனி

ஊருக்குப் போகவில்லை. கூடுதல் வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன். ஹாஸ்டலில் யாரும் இல்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்றுக் காட்டிய படத்தில், விரல் நுனி வெடித்து, தோல் தாள் தாளாக உரிந்த ஒரு கை இருந்தது. வேகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால், ஒருநாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளுமாம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. முதலில் விரல் நுனி. அந்த விரலால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கும். பூசிக்கொள்ளாவிட்டாலும், டேபிளைத் துடைத்தாலே, அந்தத் தூசி பட்டாலே திரும்ப வரும். எங்கள் டேபிளை ராத்திரி கடை சாத்துமுன் துடைப்பது யார்? நான் கல்லாவைப் பூட்டும்போது சாருதான் துடைப்பாள். வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கிற பசையிலும் இதே சரக்குதானாம், பல் டாக்டரிடம் போனால்கூட முதலிலேயே சொல்ல வேண்டும்.

பிளாஸ்திரி. ரப்பர் உறை. கண்மை. வைகாசியிலிருந்து தராத கை.

எந்த நிறம் வந்தாலும் முதலில் அவள் கையில்தான். காய்ந்ததை உரித்தது நான். அவளைச் சோம்பேறி என்று எழுதியவளும் நான்தான். எனக்கு வந்திருக்கக் கூடாதா? என் கை நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் போன் செய்தேன். முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது என்றாள். சாம்பார் வை என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

பிரஷ்ஷை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஷெர்லி மிஸ் என்னைத் தனியாக அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தாள். "வீட்டுல யாருக்காவது வந்திருக்காக்கா?" என்று நேராகவே கேட்டாள். இந்தப் பெண்ணுக்குக் கண் இரண்டா நாலா? சொன்னேன். இனி பிரஷ்ஷையே தொடப் போவதில்லை என்றும் சொன்னேன்.

"நீங்க விட்டா உங்க கஸ்டமர் நகம் போடறதை விடுவாங்களா? அடுத்த தெருவுல போய்ப் போட்டுக்குவாங்க. அங்கயும் போன் பாத்துக் கத்துக்கிட்டவங்கதான் இருப்பாங்க." டீயைக் குடித்தாள். "நான் ஏன் பூசறதில்லைன்னு உங்க பேட்ச்ல யாருமே கேக்கல" என்று தன் வெறும் நகத்தை மேசை மேல் வைத்தாள். அவளுக்கும் அதேதான். தானே தனக்கு வரவைத்துக்கொண்டது. சமையல்காரன் ஒல்லி என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும், என் லட்சணம் எனக்குத் தெரிய வேண்டும்.

சாருவுக்குப் போன் செய்து, பரீட்சைக்கு வர வேண்டாம், ஹாஸ்டல் பெண் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்றேன். அப்படி யாரும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கையெழுத்து கோணலாக இருக்கும். பஸ்ஸில் எழுதுகிறேன்.

காலையில் பரீட்சை அறைக்குள் நுழைகிறேன், என் நாற்காலிக்கு எதிரே சாரு உட்கார்ந்திருக்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். பட்டு ஜாக்கெட், தலையில் பூ, பக்கத்தில் புளிசாதம். விரலில் பிளாஸ்திரி இல்லை.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க்கா" என்று கையை நீட்டினாள்.

முதல் தடவையாக அந்தக் கையை ஒழுங்காகப் பார்த்தேன். நுனியெல்லாம் வெடிப்பு. கட்டைவிரலில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, வெங்காயச் சருகு கனத்தில்தான் இருந்தது.

"எடுடி கையை."

"போடுங்க்கா. மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ரெண்டு நாள் அரிக்கும், அப்புறம் செரியாப் போயிரும். சர்டிபிகேட் வேணுமில்லீங்க?"

ஆக, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். அதற்குள் பரீட்சை பார்க்க வந்த அம்மா என் டேபிளுக்கு வந்துவிட்டார். சென்னைக்காரர், கறாரான ஆள். "ஆரம்பிக்கலையா?" என்றார்.

"இந்தக் கையில போடக் கூடாதுங்க மேடம். ஒவ்வாமை இருக்குது."

"வேற மாடல் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அக்கா!" என்றாள் சாரு. "மேடம், இவங்க நல்லாப் போடுவாங்க மேடம். எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் எழுதியே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அந்த அம்மா சாருவின் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போடாமல் இருந்தது சரி என்றார். சரியென்றாலும் போட்டுக் காட்டாமல் மார்க் தர முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை வேறு ஆளோடு வரச் சொன்னார். அவ்வளவுதான். நான் பாட்டில்களை மூடினேன். மேசையைத் துடைத்தேன். இந்தத் தடவை உறை போட்டுக்கொண்டு நானே துடைத்தேன்.

உக்கடத்தில் பஸ் ஏறினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் புளிசாதத்தைப் பிரித்தாள். ஸ்பூனால் சாப்பிட்டாள். ஏன் ஸ்பூன் என்று இப்போதுதான் தெரிகிறது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வைகாசியில. பொள்ளாச்சியில தோல் டாக்டர்கிட்டப் போனேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அன்னிக்கே எல்லா பாட்டிலையும் தூக்கி வாய்க்கால்ல போட்டிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதுங்களா? அதான், முதல்ல படிக்கட்டும், படிச்சா அவங்களுக்கே தெரியும்னு நெனச்சேன்." ஒரு வாய் சாப்பிட்டாள். "இன்னொண்ணுங்க்கா. நீங்க நகம் போடறப்ப மட்டுந்தான் யாரையும் திட்டறதில்லை. அதை நிறுத்திட்டா அப்புறம் வீட்டுல நாங்க எப்பிடிக் குடியிருக்கறது?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். முன் சீட்டு ஆத்தா திரும்பிப் பார்த்து, "மாமியாக் கொடுமையா சாமி?" என்று கேட்டது. "இல்லீங்க ஆத்தா, ஓரகத்தி கொடுமை" என்றாள் சாரு.

ஆகஸ்ட் 5, திங்கள்

சாருவை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். களிம்பு மாற்றிக் கொடுத்தார். "யாரும்மா உனக்கு நகம் போட்டு விட்டது?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன்.

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாரு முந்திக்கொண்டு, "இப்பப் படிக்கிறாங்க டாக்டர். நல்லாப் படிக்கிறாங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுக்கொடுக்காத அம்மா மாதிரி.

பூனைக் காது லேம்ப்பை இன்று குப்பையில் போட்டேன். டேபிளை வீட்டுக்காரர் தனித் தடுப்புக்குள் மாற்றிக் கொடுத்தார். சாரு இனி அந்தப் பக்கம் வரக் கூடாது என்று கோடு கிழித்துச் சொல்லியிருக்கிறேன். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, கை அரிக்கிறதா, வெடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அதில் ஒருத்தி நன்றாகத் திட்டினாள். கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பரீட்சைக்கு ஆள் கிடைக்கவில்லை. அரிக்குமோ என்று நானே ஊரெல்லாம் கேட்டுவைத்த பிறகு யார் கையை நீட்டுவார்கள்? நேற்றுச் சாப்பிடும்போது வீட்டுக்காரர், "ஆம்பளைக் கை ஆகாதுன்னு சட்டமா?" என்றார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். காலையில் வெள்ளை வேட்டியோடு எனக்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்.

தேங்காய் உரிக்கிற கை. நகமெல்லாம் பாளம் பாளமாக, ஓரங்கள் காய்ப்பு ஏறி. வகுப்பே வாயைப் பொத்திச் சிரித்தது. அவர் கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை அரிக்குமா, வெடிக்குமா என்று முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நகத்தைச் சுத்தம் செய்து, பொறுமையாக, ஓரத்தில் மயிரிழை விட்டுப் போட்டேன். மயில் இல்லை, தாமரை இல்லை. குங்குமச் சிவப்பு மட்டும். சென்னை அம்மா பூதக்கண்ணாடியைப் பத்து விரலுக்கும் கொண்டுபோனார், கையெழுத்துப் போட்டார். ஷெர்லி மிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பூச்சை அங்கேயே எடுத்துவிடலாம் என்றேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ர சம்சாரம் பரிச்சை எழுதுச்சுங்க. நாந்தேன் பேப்பரு" என்றார் இவர்.

வீட்டில் சாரு காத்துக்கொண்டிருந்தாள். கணவரின் அண்ணன் கையைத் தொட்டுப் பார்க்க முடியாது அல்லவா, அவர் விரல்களை மேசை மேல் பரப்பினார், அவள் போன் விளக்கைப் போட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு விரலாக, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். நேரமானது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஒரு எடத்துலகூடத் தோல்ல படலீங்க்கா" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு மட்டும் இனி எப்பவும் போட முடியாதுங்களா?"

"முடியாது சாமி."

"நல்ல செவப்பு" என்றாள். அவள் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணியின் முதல் முகூர்த்தம் வரப்போகிறது, முதல் கல்யாணப் பெண் இன்று வந்தாள். மடத்துக்குளத்துக்காரி. உட்கார்ந்ததுமே கையை நீட்டினாள். நான் பாட்டிலைத் தொடவில்லை.

"இதுக்கு முன்ன எங்கயாச்சும் போட்டிருக்கியா கண்ணு? கை அரிச்சுதா, வெடிச்சுதா, கண்ணு வீங்குச்சா? மறைக்காமச் சொல்லிரு. மறைக்கறவங்ககிட்ட மாட்டி நான் பட்டது போதும்."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாருக்கோ தலை பின்னிக்கொண்டே சாரு குரல் கொடுத்தாள். "என்னையத்தான் சொல்றாங்க. நீ பயப்படாம சொல்லு. அவங்க திட்ட மாட்டாங்க, நகம் போடற நேரம்."